கோபுரத்தின் கால்களுக்கு வடிகால் வேண்டும்

உயரமான ஆன்டெனா கோபுரங்களுக்குக் குளிர்காலம் செய்யும் கேடுகளில், வெளியே தெரிபவை மட்டுமே செய்தியாகின்றன. 1969 மார்ச் 19 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எம்லி மூர் என்ற இடத்தில் நின்ற 386 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் சரிந்தது. சீரான காற்றில் எழுந்த அதிர்வும், கோபுரத்திலும் அதைப் பிடித்திருந்த ஸ்டே ஒயர்களிலும் படிந்திருந்த பனிக்கட்டியும் அந்தச் சரிவோடு சேர்த்துப் பேசப்பட்டன. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நாள்கணக்கில் பெய்த உறைமழை, சுமார் 1000 உருக்கு மின்கோபுரங்களை மடக்கிப் போட்டது. இன்று அமெரிக்காவின் டிஐஏ-222, கனடாவின் சிஎஸ்ஏ எஸ்37 ஆகிய தர விதிகள் எந்த வட்டாரத்தில் எவ்வளவு தடிமனுக்குப் பனிக்கட்டி படியும் என்று வகுத்து, அந்தச் சுமையையும் சேர்த்தே கோபுரத்தை வடிவமைக்கச் சொல்கின்றன. வெளியே படியும் பனிக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கிறோம். கோபுரத்தின் குழாய்க் கால்களுக்குள் சிறுகச் சிறுகச் சேர்ந்து, அங்கேயே உறைந்து, உருக்கை உள்ளிருந்து கிழிக்கும் நீருக்கு அந்தக் கவனத்தில் சிறு பங்கும் கிடைப்பதில்லை. அந்த நீரை முழுவதுமாகத் தடுக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது வெளியேற வழி வைக்க வேண்டும். அந்த வழி மண்ணுக்கடியில் மறையாமல் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் பார்ப்பது யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாத குழாய்க் கோபுரத்தைக் குளிர்நாட்டில் முழுமையடைந்த கோபுரமாக ஏற்கக் கூடாது என்பது என் வாதம்.

எல்லாக் கோபுரங்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் காணும் செல்போன் டவர்கள் ஆங்கிள் இரும்பால் ஆனவை. திறந்த அந்த வடிவத்தில் நீர் நிற்க இடமில்லை. மிக உயரமான ஒலிபரப்புக் கோபுரங்கள் சிலவற்றில் கால்கள் உள்ளீடற்ற குழாய்களாக இல்லாமல் கெட்டியான உருண்டைக் கம்பிகளாகவே இருக்கும். இடைப்பட்ட உலகம் ஒன்று இருக்கிறது. முக்கோண வடிவில் மூன்று குழாய்க் கால்கள், அவற்றுக்கிடையே குறுக்குக் கம்பிகள், பக்கங்களில் ஸ்டே ஒயர்கள் என்று எழும் மெல்லிய கோபுரங்கள் அவை. வட அமெரிக்காவில் அமெச்சூர் வானொலிக்காரர்கள், சிறு வானொலி நிலையங்கள், கிராமப்புற இணையச் சேவையாளர்கள், காற்றளவு எடுப்போர் எனப் பலரும் இவற்றை நம்பியிருக்கிறார்கள். ரோன் நிறுவனத்தின் 25ஜி, 45ஜி, 55ஜி வகைகள் அங்கே பரவலாகத் தெரிந்த பெயர்கள். ஒவ்வொரு துண்டும் 10 அடி நீளம், ஒன்றன் தலையில் மற்றொன்றைச் செருகி போல்ட் போட்டுக் கொண்டே போகலாம். குழாயைத் தேர்ந்தெடுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. உருளை வடிவம் காற்றுக்குக் குறைவான எதிர்ப்பையே தருகிறது. எந்தப் பக்கம் வளைக்கப் பார்த்தாலும் ஒரே வலுவைக் காட்டுகிறது. எடைக்கு ஒப்பிட்டால் அமுக்கத்தை நன்றாகத் தாங்குகிறது. இத்தனை நன்மைகளுக்கும் அடிப்படையான உட்குழிவே, நீர் வந்து தங்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது.

நீர் எப்படி உள்ளே போகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தீர்வைப் பேச முடியாது. உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து துளிகளாவதால்தான் நீர் சேர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அந்த அளவு மிகச் சிறியது. உள்விட்டம் 28 மில்லிமீட்டர் உள்ள 30 மீட்டர் நீளக் காலுக்குள் இருக்கும் காற்றே 20 லிட்டருக்குள்தான் வரும். அதிலுள்ள ஈரத்தை முழுதாக வடித்தாலும் சில துளிகள்தான். உண்மையான வாயில் இணைப்புகளில் இருக்கிறது. செருகிய இடத்து இடைவெளி, போல்ட் துளைகள், மேல்முனையில் மூடி இல்லாத குழாய் ஆகியவற்றின் வழியே மழை நேராக இறங்குகிறது. இதற்குத் துணையாக இன்னொன்றும் நடக்கிறது. வெயிலில் 40 டிகிரிக்குச் சூடேறிய கோபுரத்தின் மீது திடீரென மழை விழுந்து 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்பக் குழாய் வெளியிலிருந்து உறிஞ்சும். அந்த நேரத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் மழைநீர் படலமாக நிற்கிறது. உறிஞ்சப்படுவது காற்று மட்டுமல்ல, அந்த நீரும்தான். துண்டுகளின் உட்குழிவுகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பதால், எத்தனை உயரத்தில் நுழைந்த நீரும் கடைசியில் அடித்துண்டுக்கே வந்து சேரும். கோபுரத்தின் மொத்த எடையும், ஸ்டே ஒயர்கள் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் வந்து இறங்குகிற இடமும் அதுவே.

உறையும் நீர் கன அளவில் சுமார் 9 விழுக்காடு பெருகும் என்பது பள்ளிப் பாடம். திறந்த குழாயில் அது மேல்நோக்கிப் பெருகிவிட்டுப் போகாதா என்று கேட்கலாம். அடியிலிருந்து மேலாக உறைந்தால் அப்படித்தான் போகும். கோபுரக் காலில் நடப்பது நேர்மாறானது. கான்கிரீட்டுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் புதைந்த பகுதி வெதுவெதுப்பைக் காத்து நிற்க, காற்றில் நிற்கும் பகுதிதான் முதலில் குளிர்கிறது. நீர்த்தம்பத்தின் மேல்பரப்பும் குழாயின் உட்சுவரை ஒட்டிய அடுக்கும் முன்னதாக உறைந்து, உருக்கோடு ஒட்டிக்கொண்டு தக்கையாகிவிடுகின்றன. கீழே அடைபட்ட நீர், மேலே பனித்தக்கை, இரண்டுக்கும் நடுவே உறைதல் தொடர்கிறது. அந்த அழுத்தத்தை எந்தக் குழாயும் தாங்குமா? எடுத்துக்காட்டாக, 32 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.65 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட, 345 மெகாபாஸ்கல் வலுவுள்ள உருக்குக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளிருந்து வளிமண்டல அழுத்தத்தைப் போல 360 மடங்கு அளவுக்கு அழுத்தினால் அது மீளமுடியாதபடி விரியத் தொடங்கும். மைனஸ் 5 டிகிரியில் நீரை உறையவிடாமல் வைத்திருக்க வேண்டுமென்றாலே சுமார் 600 மடங்கு அழுத்தம் வேண்டும். மைனஸ் 22 டிகிரியில் 2000 மடங்குக்கும் மேல் வேண்டும். அதாவது, அடைபட்ட நீர் அந்த அளவு வரை தள்ளிக்கொண்டே இருக்க வல்லது. அமெரிக்காவின் மினசோட்டாவிலோ கனடாவின் மனிடோபாவிலோ மைனஸ் 5 என்பது குளிராகவே எண்ணப்படாத வெப்பநிலை. சுவரைச் சற்றுத் தடிமனாக்கிவிட்டால் போதும் என்ற யோசனை இந்தக் கணக்கின் முன் நிற்பதில்லை.

சேதம் ஒரே இரவில் நேர்வது அரிது என்பதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. அடைபட்ட நீர் முழுவதும் உறைந்து, நீளவாக்கில் இடம் கிடைக்காமல் போனால், குழாயின் விட்டம் ஏறத்தாழ 4 விழுக்காடு பெரிதாக வேண்டியிருக்கும். நல்ல உருக்கு அந்த அளவு நீட்சியைக் கிழியாமல் தாங்கிவிடும். எனவே முதல் குளிர்காலம் முடிந்த பின் பார்த்தால், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு புடைப்பு மட்டும் இருக்கும். வசந்தத்தில் பனி உருகும். விரிந்த குழாய்க்குள் இப்போது முன்னைவிட அதிக நீர் பிடிக்கும். அடுத்த மார்கழிக் குளிரில் அது மேலும் தள்ளும். உருளை வடிவக் குழாயில் சுற்றுவாக்கில் எழும் இழுவிசை நீளவாக்கில் எழுவதைப் போல இரு மடங்கு என்பதால், கடைசியில் விரிசல் நெடுக ஓடும். பெரும்பாலும் வெல்டிங் தையலை ஒட்டியே ஓடும். இதற்கிடையே புடைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சும் பாதிக்கப்பட்டு, துரு வேலையைத் தொடங்கியிருக்கும். மூடிய வட்டமாக இருக்கும்வரை குழாய்க்கு இருந்த வலு, நெடுக ஒரு கீறல் விழுந்ததும் பெருமளவு போய்விடுகிறது. முறுக்கலைத் தாங்கும் திறன் ஏறக்குறைய இல்லாமலாகிறது. அமுக்கத்தில் சுவர் மடங்கிப் போவது எளிதாகிறது. காற்று பலமாக வீசும் நாளில் ஒரு பக்கக் காலின் மீது அமுக்கம் கூடும்போதுதான் அந்த இழப்பு வெளிப்படும். 3 மீட்டர் காலில் 2 லிட்டர் நீர்கூட நிற்காது. அவ்வளவு நீர் போதும் இதற்கு.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. கோபுரத் துண்டுகளை உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் ஆலையிலேயே அது இருக்கிறது. 450 டிகிரி அளவில் உருகி நிற்கும் துத்தநாகத்துக்குள் அடைபட்ட குழாயை இறக்கினால், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் குழாயை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே காற்று வெளியேறவும் துத்தநாகம் உள்ளே சென்று வடியவும் துளைகள் இருந்தே தீர வேண்டும். தொட்டியில் இறக்குவதற்கு முன் துளை இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே தொழிலாளியின் உயிர்ப் பிரச்சினை. அதனால் யாரும் மறப்பதில்லை. அதே துளையும் அதே திறந்த முனையும் களத்துக்கு வந்த பிறகு அநாதையாகிவிடுகின்றன. கான்கிரீட் அவற்றை விழுங்குகிறது. காலைத் தாங்கும் பேஸ் பிளேட்டுக்கு அடியில் திணிக்கும் சிமென்ட் கலவை அடைக்கிறது. தடிப்பாகப் பூசிய பெயின்ட் மூடுகிறது. குளவி மண்கூடு கட்டுகிறது. உள்ளிருந்து உதிரும் துருச் செதிலும் வந்து சேர்கிறது. தோட்ட மண்ணையும் இலைக்குப்பையையும் காலடியில் குவிக்கிறார்கள். இவற்றில் எதுவும் வேண்டுமென்றே செய்யும் தவறு அல்ல. நீர் போகும் வழியைக் கோபுரத்தின் ஓர் உறுப்பாக யாரும் எண்ணுவதில்லை. அதனாலேயே இவை எல்லாம் நடக்கின்றன.

அடித்தளத்தில் இரண்டு வழக்கமான முறைகள் உண்டு. அடித்துண்டின் கால்களைக் கான்கிரீட் வழியே இறக்கி, குழியின் அடியில் பரப்பிய ஜல்லியில் முனைகள் நிற்கும்படி செய்வது ஒன்று. நீர் கால் வழியே இறங்கி ஜல்லிக்குள் கசிந்து மண்ணுக்குப் போய்விட வேண்டும். தயாரிப்பாளர்களின் வரைபடங்கள் இந்த ஜல்லிப் படுகையைத் தெளிவாகவே காட்டுகின்றன. கான்கிரீட் மேடையின் மீது பேஸ் பிளேட் வைத்து, அதன் மேல் கால்களை நிறுத்தி, நீரைத் தரைக்கு மேலேயே வெளியேற்றுவது இரண்டாவது. முதல் முறை மலிவானது, எளிதானது. அதற்குப் பல பதிற்றாண்டுப் பழக்கமும் உண்டு. அப்படியிருந்தும் குளிர்நாட்டில் இரண்டாவது முறையே விதியாக வேண்டும் என்கிறேன். ஜல்லிப் படுகை வேலை செய்வது அதைச் சுற்றியுள்ள மண்ணைப் பொறுத்தது. மணல் கலந்த மண்ணில் நீர் போய்விடும். களிமண்ணில் தோண்டிய குழி, ஜல்லி போட்டு நிரப்பிய பானை போலத்தான்; சுற்றிலும் உள்ள மழைநீரெல்லாம் அதில் வந்து நின்று, கால்களுக்குள் கீழிருந்து மேலேறும். நிலத்தடி நீர் வசந்தத்தில் உயரும் இடங்களிலும் இதே கதைதான். கான்கிரீட் கொட்டும்போது சிமென்ட் பால் ஜல்லிக்குள் இறங்கிக் கெட்டிப்பட்டாலும், கால்முனைக்குள் புகுந்து அடைத்தாலும், மூடிய பிறகு எவராலும் அறிய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதைந்த வடிகால் வேலை செய்கிறதா இல்லையா என்று சோதிக்க வழியே இல்லை. அது தோற்றுவிட்டது என்பதைக் கால் வெடித்த பின்புதான் தெரிந்துகொள்கிறோம். சோதிக்க முடியாத ஒன்றைப் பாதுகாப்பின் பெயரால் நம்பச் சொல்வது நியாயமில்லை. பேஸ் பிளேட் மேலே இருந்தால், ஒரு கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அங்கும் பிளேட்டின் கீழ்ச் சந்தைச் சிமென்ட் கலவையால் அடைக்கும்போது வடியும் வழியை விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் மேலே கொண்டுவந்த பயன் போய்விடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, குழாயை முழுவதும் மூடிவிடலாமே என்பது. இதற்குச் சட்டப்புத்தக ஆதரவும் உண்டு. கட்டுமானத்தில் உருக்குக் குழாய்களைப் பயன்படுத்துவது பற்றிய நமது இந்தியத் தர விதியான ஐஎஸ் 806, வெல்டிங்கால் தானாக மூடப்படாத குழாய் முனைகளை முழுமையாக அடைக்கச் சொல்கிறது. அடைக்கும் முன் உட்புறம் காய்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதி தவறல்ல. ஈரமில்லாத பட்டறையில், எல்லா முனைகளையும் வெல்டிங் வைத்து, ஊசிமுனை ஓட்டையும் இல்லாமல் மூடிய குழாய்க்குள் நீரும் வராது, துருவும் தொடராது. ஸ்டே ஒயர் கோபுரத்தின் கால் அப்படிப்பட்டதல்ல. அது போல்ட் போட்டு இணைப்பது. 10 அடிக்கு ஓர் இணைப்பு உடையது. காற்றில் அசைந்துகொண்டே இருப்பது. துத்தநாகத் தொட்டிக்காகத் துளை வைத்தே செய்யப்படுவது. இதன் இணைப்புகளில் சிலிக்கோன் பசையைப் பூசி மூடுகிறவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறார்கள். வெயிலும் அசைவும் அந்தப் பசையில் மயிரிழை வெடிப்பை உண்டாக்கினால் போதும், முன்னே சொன்ன உறிஞ்சல் அந்த வழியே நீரை உள்ளிழுக்கும். உள்ளே போக மயிரிழை போதும். வெளியே வர அதே மயிரிழை போதாது. மேல்முனையை மூடியால் மூடுவதை நான் ஆதரிக்கிறேன், அது வரவைக் குறைக்கும். கீழ்முனையை மூடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. கட்டிடத் துறையிலும் இதே அனுபவம் இருக்கிறது. கட்டுமானம் நடக்கும்போது தலை திறந்து நின்ற சதுரக் குழாய்த் தூண்களில் மழைநீர் புகுந்து, மேலே மூடிய பின் குளிரில் உறைந்து, தூணின் தட்டையான பக்கங்கள் புடைத்துப் போவது அங்கே அறிந்த கேடு. அடியில் வடிதுளை வைப்பதே அங்கும் மருந்து.

குழாயை எதையாவது இட்டு நிரப்பிவிட்டால் நீருக்கு இடமிராது என்பது இன்னொரு யோசனை. கான்கிரீட்டால் நிரப்பினால் அது உலரும்போது சுருங்கும். உருக்குக்கும் அதற்கும் இடையே மெல்லிய சந்து விழும். நீர் அந்தச் சந்தில் நிற்கும். பாரமும் கூடும், இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. நுரை அடைத்தால் அது ஈரத்தை உருக்கோடு ஒட்டி வைத்திருக்கும். எண்ணெய் ஊற்றினால் நீர் அதைவிட அடர்த்தியானது என்பதால், புகும் நீரெல்லாம் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, சரியாக எந்த இடத்தில் இருக்கக் கூடாதோ அந்த அடியில் போய் உறையும். உறைதடுப்பு திரவம் ஒவ்வொரு மழைக்கும் நீர்த்துக்கொண்டே போகும்; அதில் வழக்கமாக உள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சு, கசிந்தால் கிணற்று நீருக்கும் கேடு. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

காலில் துளை போடுவதே அதன் வலுவைக் குறைக்காதா என்ற கேள்வியை இப்படி ஒதுக்கிவிட முடியாது. 32 மில்லிமீட்டர் குழாயின் சுற்றளவு சுமார் 100 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் துளை போட்டால் அந்த இடத்தில் 6 விழுக்காடு உருக்கு போகிறது. துளையின் ஓரத்தில் தகைவும் குவிகிறது. கோபுரம் அமுக்கத்தின் எல்லையை ஒட்டி வடிவமைக்கப்பட்டிருந்தால் இது அற்பமல்ல. துளையிட்ட விளிம்பில் துத்தநாகமும் இராது, துரு அங்கிருந்தே தொடங்கும். எனவே டிரில்லை எடுத்துக்கொண்டு எவரும் நிற்கும் கோபுரத்தை அணுகக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. துளை எங்கே, எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரிடமோ கட்டமைப்புப் பொறியாளரிடமோ கேட்ட பிறகே அடைபட்ட காலில் துளையிட்டு, துளைத்த இடத்தில் துத்தநாகச் செறிவுள்ள பூச்சு பூச வேண்டும். இந்த எதிர்ப்பு என் வாதத்துக்குத் துணையாகவே வந்து நிற்கிறது. களத்தில் துளையிடுவது சிக்கலானது என்றால், ஆலையிலேயே கணக்கிட்டு வைத்த துளையும் திறந்த அடிமுனையும் கட்டும்போது அடைபடாமல் காப்பதுதான் அறிவு. துளை மிகச் சிறிதாக இருந்தாலும் பயனில்லை. நீரின் பரப்பு இழுவிசையும் ஒரு துண்டுத் துருவும் அதை அடைத்துவிடும். கடுங்குளிரில் துளையே உறைந்து அடையாதா என்றால், அடையும். இலையுதிர்காலத்தின் கடைசி மழை வடிந்து, கால்கள் வெறுமையாகக் குளிர்காலத்துக்குள் போவதுதான் முக்கியம். அதன் பின் அவ்வப்போது உருகிச் சொட்டும் நீர் குழாயை நிரப்பும் அளவுக்கு வராது.

கோபுரங்கள் விழுவதற்குப் பெரிய காரணங்கள் வேறு இருக்கின்றன என்பதும் உண்மை. பனிச்சுமை, புயல், ஸ்டே ஒயரைக் கழற்றி மாட்டும்போது செய்யும் பிழை, நங்கூரத் தண்டு மண்ணுக்குள் அரித்துப்போவது ஆகியவற்றின் பட்டியலில் உறைந்த நீர் முதலிடத்தில் இல்லை. அதைக் காட்டி இதைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்ற ஆபத்துகளைக் குறைக்கப் பணமும் உருக்கும் ஆட்களும் வேண்டும். இதற்கு வேண்டியது திட்டமிடும்போது ஒரு கோடும், கட்டும்போது சற்று எச்சரிக்கையும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு துண்டுக் கம்பியும். மேலும், அடிக்கால் வலுவிழந்த கோபுரம் மற்ற எல்லா ஆபத்துகளையும் தன் கணக்கைவிடக் குறைந்த பலத்தோடு எதிர்கொள்கிறது. 40 மில்லிமீட்டர் பனிப்படலத்தைத் தாங்கும் என்று வரைபடத்தில் எழுதியிருப்பது, முழுமையான குழாய்க்கு எழுதியது. நெடுகக் கீறிய குழாய்க்கு அல்ல. விழுந்து நொறுங்கிய கோபுரத்தில், முன்பே இருந்த விரிசல் எது, விழுகையில் கிழிந்தது எது என்று பிரித்தறிவதும் எளிதல்ல; அதனால் இந்தக் கேட்டின் பங்கு பட்டியலில் ஏறாமலே போகலாம்.

டிஐஏ-222 தர விதியின் பராமரிப்புப் பகுதி ஸ்டே ஒயர் கோபுரங்களை 3 ஆண்டுக்கு ஒருமுறையும், தானே நிற்கும் கோபுரங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறையும், கடும் புயலுக்கும் பனிக்கும் பிறகும் சோதிக்கப் பரிந்துரைக்கிறது. உறுப்புகளுக்குள் நீர் தேங்கியிருக்கிறதா, வடிதுளை அடைபட்டிருக்கிறதா என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பெயின்ட், துரு ஆகியவற்றோடு சேர்ந்து வரும் ஓர் இனமாக. அதை அங்கிருந்து எடுத்து, போல்ட், ஸ்டே ஒயர், அஸ்திவாரம் ஆகியவற்றின் வரிசையில் வைக்க வேண்டும். ஒரு குளவி ஒரே கோடையில் ஒரு துளையை அடைத்துவிடுகிறது; அடுத்த சோதனை 3 ஆண்டுக்குப் பிறகு என்றால் இடையில் மூன்று குளிர்காலங்கள் போய்விடும். ஆகவே இந்த ஒன்றுக்கு மட்டுமாவது, முதல் உறைபனிக்கு முன் ஆண்டுதோறும் என்று காலக்கெடு வேண்டும். புதுக் கோபுரம் எழுப்பும் ஒப்பந்தத்தில், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னும் பின்னும் வடிகால் திறந்திருப்பதைப் புகைப்படத்தோடு ஒப்படைக்க வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். நம் நாட்டில் லேயிலும் திராஸிலும் குளிர்காலம் மைனஸ் 20 டிகிரி வரை இறங்குகிறது. அங்கே குழாய்க் காலில் எதை எழுப்பினாலும், சமவெளிக்காக எழுதிய ஒப்பந்தப் படிவத்தை அப்படியே கொண்டுபோய் நீட்டக் கூடாது. உறைபனியே காணாத சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில்கூட, மாடிகளில் நிற்கும் குழாய்க் கம்பங்களுக்குள் தேங்கும் உப்பீரம் உள்ளிருந்து சுவரைத் தின்கிறது. அங்கு வெடிப்பு இராது, அரிப்பு இருக்கும், வேண்டிய துளை அதேதான்.

இந்த விதிகளால் உடனே காப்பாற்றப்படுகிறவர் கோபுரத்தின் சொந்தக்காரர் அல்லர், அதில் ஏறுகிறவர். பழைய கோபுரத் துண்டுகள் அமெச்சூர் வானொலிக்காரர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வெளிப்பூச்சு பளபளத்தாலும் உள்ளே என்ன நடந்தது என்பது விற்பவருக்கும் தெரிந்திராது. வாங்குகிறவர் ஒவ்வொரு காலையும் பல இடங்களில் வெர்னியர் காலிப்பரால் அளந்து, விட்டம் எங்காவது கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கும் கோபுரத்தில் ஏறப் போகிறவர், முதலில் அடித்துண்டைச் சிறு சுத்தியலால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நீரோ பனியோ நிற்கும் இடத்தில் ஓசை மங்குவது காதுக்குக் கேட்கும். அடைப்பை எடுத்ததும் துருநிறத்தில் நீர் கொட்டினால், அது வடிந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளாமல், எத்தனை குளிர்காலம் அங்கே நின்றது என்று கேட்க வேண்டும். அல்ட்ராசானிக் கருவியால் சுவரின் தடிமனை அளக்க வேண்டும். நெடுக ஒரு கீறல் தெரிந்தால் அதன் மீது வெல்டிங் ஓட்டி மூடுவது மருந்தாகாது. துத்தநாகம் எரிந்து போகும்; விரிந்த உலோகம் விரிந்தபடியே இருக்கும்; கோபுரம் சரிசெய்யப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் அடுத்த ஆள் ஏறுவார். அப்படிப்பட்ட கோபுரத்தில் ஒருவரும் ஏறாமல், கிரேன் அல்லது தற்காலிகத் தாங்கல் கொண்டு அந்தத் துண்டை மாற்றிவிட்டு, மாற்றிய துண்டின் அடிமுனை திறந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே வேலையைத் தொடர வேண்டும்.